தொட்டிக் காக்டஸுக்கு எத்தனை டிகிரி சரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் காக்டஸ் வளர்ப்பவர் என்று அக்கம்பக்கத்தில் பெயர் வந்துவிட்டால், பங்குனி பிறந்ததும் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கத்திரியில் ஒரு மாதிரி, ஐப்பசி மழையில் வேறு மாதிரி, மார்கழியில் மலையூர்க்காரர்களிடமிருந்து இன்னொரு மாதிரி. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஊர் குறிப்பிடாத இடங்களில் சென்னை மொட்டைமாடியை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

பொதுவாக காக்டஸுக்கு எத்தனை டிகிரி வேண்டும்?

வளரும் பருவத்தில் பகலில் 20 முதல் 35 டிகிரி, இரவில் 15 முதல் 22 டிகிரி. இந்த அளவில் பெரும்பாலான காக்டஸ் சந்தோஷமாக இருக்கும். ஓய்வுப் பருவத்தில், அதாவது குளிர்காலத்தில், 8 முதல் 13 டிகிரி வரை இறங்கினாலும் மண் காய்ந்திருந்தால் கவலையில்லை. 40 டிகிரி வெயிலையும் வளர்ந்த செடிகள் தாங்கும்.

ஆனால் செய்தியில் சொல்லும் வெப்பநிலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது நிழலில் அளந்த காற்றின் சூடு. உங்கள் செடிக்கு முக்கியம் வேறு இரண்டு: தொட்டிக்குள் மண் எவ்வளவு சுடுகிறது, ராத்திரியில் எவ்வளவு இறங்குகிறது. சென்னைக் கோடையில் செடி அவதிப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான்.

பாலைவனத்துச் செடிதானே? சென்னை வெயில் அதை என்ன செய்துவிடும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வெயிலைவிட நம் ராத்திரிதான் அதிகம் செய்கிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் டூசான் என்று ஒரு நகரம். சுற்றிலும் சோனோரன் பாலைவனம், ஆள் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு வளரும் சகுவாரோ காக்டஸின் ஊர். ஜூன் மாதம் அங்கே பகல் சராசரி 38 டிகிரியை ஒட்டி இருக்கும். நம் மே மாதமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அங்கே பொழுது சாய்ந்ததும் 20 டிகிரி பக்கம் இறங்கிவிடும். சென்னையில் மே மாத ராத்திரியின் சராசரியே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். கூடவே கடற்காற்றின் புழுக்கம்.

இது ஏன் முக்கியம் என்றால், காக்டஸ் மூச்சு வாங்குவது ராத்திரியில். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். பாலைவனத்தில் பகலில் துளையைத் திறந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் எல்லாம் போய்விடும். அதனால் காக்டஸ் இரவில், காற்று குளிர்ந்த பிறகு திறக்கிறது. எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றித் தண்டுக்குள் சேர்த்து வைத்து, மறுநாள் வெயில் வந்ததும் துளைகளை மூடிக்கொண்டு அந்த அமிலத்தைப் பயன்படுத்தி உணவு தயாரிக்கிறது. இரவும் சூடாகவே இருந்தால் துளைகள் சரியாகத் திறப்பதில்லை, சேமிப்பு குறைகிறது. உள்ளதையும் சுவாசித்தே செலவழிக்கிறது. மே மாதம் முழுக்க உங்கள் செடி ஒரு சுற்றுகூடப் பெருக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். அது சாகவில்லை, வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் உரம் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். பாலைவனத்திலும் சின்னக் காக்டஸ் கொளுத்தும் வெயிலில் தனியாக நிற்பதில்லை. சகுவாரோவின் நாற்று பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற மரங்களின் அடி நிழலில்தான் பெரும்பாலும் பிழைத்து வளர்கிறது. நாம் மூன்று அங்குலத் தொட்டியில் வாங்குவது பெரும்பாலும் நாற்று வயதுச் செடிகள்.

தொட்டி மண் சூட்டை எப்படித் தெரிந்துகொள்வது?

நீண்ட ஊசி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், சமையலுக்கு விற்பது, போதும். மதியம் இரண்டு மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்க ஓரமாக ஊசியை இரண்டு அங்குலம் இறக்குங்கள். பிறகு நடுவில் ஒன்று, கிழக்கு ஓரத்தில் ஒன்று. சிமெண்ட் தளத்தின்மேல் நேராக வைத்த கறுப்பு நர்சரித் தொட்டி என்றால் மேற்கு ஓரம் காற்றைவிட நன்றாகவே அதிகம் காட்டும். 40-ஐத் தாண்டும்போது வேர் வளர்ச்சி நிற்கத் தொடங்கும். 45-க்கு மேல் தினமும் போனால் வேர்நுனி கருகும்.

வேர் கருகியதா என்று பார்க்க, செடியை மண்ணோடு தட்டி வெளியே எடுங்கள். வெயில் பட்ட பக்கத்து வேர்கள் பழுப்பாக, நூல்போல, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வரும். எதிர்ப்பக்கம் வெள்ளையாக, உயிரோடு இருக்கும். ஒரே தொட்டியில் பாதி வேர் செத்தும் பாதி வேர் பிழைத்தும் இருந்தால் அது சூடு செய்த வேலை. அதிகத் தண்ணீரால் அழுகினால் அடியில்தான் முதலில் போகும், ஒரு பக்கமாகப் போகாது.

சரி, தொட்டிச் சூட்டைக் குறைக்க என்ன வழி?

முதல் வேலை, தளத்திலிருந்து தூக்குங்கள். இரண்டு செங்கல் மேலே ஒரு பலகை, அல்லது இரும்பு ஸ்டாண்டு, எதுவானாலும் சரி. மொட்டைமாடித் தளம் மாலை ஏழு மணிக்கும் பகலில் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அரையடி உயர்த்தி, அடியில் காற்று போனாலே பெரிய வித்தியாசம். தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதிலிருந்து வெயில் திருப்பி அடிக்கும். செடியின் கீழ்ப்பாகம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தொட்டிக்குள் தொட்டி. செடி இருக்கும் சின்னத் தொட்டியைப் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்புங்கள். வெளித்தொட்டி வெயிலை வாங்கிக்கொள்ளும். செலவு குறைவு, பலன் அதிகம். எனக்கு இதுதான் பிடித்த வழி.

மூன்றாவது, கூட்டமாக வையுங்கள். ஒரு தட்டில் பத்துத் தொட்டிகளை நெருக்கி வைத்தால் நடுவில் இருப்பவற்றின் பக்கவாட்டில் வெயிலே படாது. மேற்கு வரிசையில் தூண்போல் வளரும் பெரிய செரியஸ், ஒபன்ஷியா (சப்பாத்திக்கள்ளி வகை) போன்ற முரட்டுக் காக்டஸ்களை நிறுத்திவிடலாம்.

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா?

சென்னைக்கு மண் தொட்டி. சுவர் வழியாக ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும், மழைக்காலத்தில் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் வெளிறிய நிறத்தில் வாங்குங்கள். மெருகு பூசிய பீங்கான் தொட்டி அலமாரிக்கு அழகு, மாடிக்கு வேண்டாம்.

பச்சை வலை கட்டலாமா? எத்தனை சதவீதம்?

50 சதவீத வலை. 75 கட்டினால் செடி வெளுத்து, நுனி கூம்பி, பென்சிலாக நீளும். பங்குனி கடைசியில் கட்டி, ஆனி நடுவில் கழற்றிவிடலாம். கிழக்கு வெயில் பத்து மணி வரை நேராகப் படட்டும். பிற்பகல் வெயிலைத்தான் மறைக்க வேண்டும். வலைக்கும் செடிக்கும் நடுவே குறைந்தது மூன்றடி இருக்கட்டும், இல்லாவிட்டால் சூடான காற்று உள்ளேயே தேங்கும்.

2003 மே கடைசியில் சென்னை 45 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் வலையை மட்டும் நம்பாமல், சின்னத் தொட்டிகளை எடுத்துக் கிழக்கு பால்கனியில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் நிழலில் இருந்தால் எந்தக் காக்டஸும் கெட்டுப்போகாது.

கத்திரி வெயிலில் தினமும் தண்ணீர் ஊற்றணுமா?

வேண்டாம். சொல்லப்போனால் மே மாதம்தான் கையை அடக்க வேண்டிய மாதம். செடி வேலையை நிறுத்தியிருக்கிறது என்று மேலே சொன்னேனே, அப்போது அது தண்ணீரும் அதிகம் குடிக்காது. சுடுமண்ணில் ஈரம் தேங்கினால் வேர் வெந்துபோகும், பூஞ்சைக்கும் கொண்டாட்டம். மூன்று அங்குலத் தொட்டிக்கு ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை, பெரிய தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் மண் அடிவரை காய்ந்த பிறகு.

நேரம்தான் இங்கே முக்கியம். வெறுங்காலோடு தளத்தில் ஒரு நிமிடம் நிற்க முடிகிறதா? முடிந்தால் ஊற்றலாம். முடியவில்லை என்றால் தொட்டியும் அதே சூட்டில் இருக்கிறது, பொறுங்கள். இருட்டிய பிறகு ஊற்றுவது நல்லது, செடி துளை திறக்கும் நேரமும் அதுதான்.

இன்னொரு விஷயம், மாடிக் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீர். சின்டெக்ஸ் தொட்டியிலும் வெயில் பட்ட பிவிசி குழாயிலும் நின்ற தண்ணீர் மாலை ஐந்து மணிக்கும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அதை அப்படியே வேரில் ஊற்றிவிட்டு, மறுவாரம் செடி சுருங்குகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள்.

மேலே ஸ்பிரே அடித்துக் குளிர்ச்சிப்படுத்தலாமா?

புழுக்கமான ஊரில் தெளித்த நீர் லேசில் ஆவியாகாது, அதனால் குளிரவும் செய்யாது. முள்ளுக்கு நடுவே உள்ள பஞ்சில் ஈரம் நின்று அழுகல்தான் மிச்சம். காற்றோட்டம் கொடுங்கள், அதுதான் குளிர்ச்சி.

செடியின் ஒரு பக்கம் வெள்ளையாகிவிட்டது. அழுகலா, வெயில் சுட்டதா?

விரலால், முள் பார்த்து, மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக, காய்ந்த தக்கைபோல் இருந்தால் வெயில்புண். வெயில் அதிகம் படும் பக்கம் மட்டும் முதலில் மஞ்சளாக வெளுத்து, பிறகு வெள்ளையாகி, கடைசியில் பழுப்புத் தழும்பாக நிற்கும். அந்தத் தழும்பு இனி பச்சையாகாது. செடிக்கு ஆபத்தில்லை, மேலே புதுப் பச்சை வளர்ந்து வர வர அது கீழே இறங்கிவிடும். இடத்தை மாற்றுங்கள், ஆனால் அடிபட்ட பக்கத்தையே மேற்கில் வையுங்கள். திருப்பி வைத்தால் மறுபக்கமும் வெந்துவிடும். இதை யாரும் செய்ய மனம் வருவதில்லை, பார்க்க அசிங்கம் என்கிறார்கள்.

மெத்தென்று அமுங்கினால், நிறம் காப்பிப் பழுப்பானால், வாடை வந்தால் அழுகல். சுத்தமான கத்தியால், நடுவில் உள்ள நரம்பு வட்டமும் சுற்றியுள்ள சதையும் கறையில்லாமல் தெரியும் வரை மேலே மேலே வெட்டிப் போகவேண்டும். ஒரு சின்னச் செம்புள்ளி மிஞ்சினாலும் மறுபடி கிளம்பும். வெட்டிய துண்டை நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு காய்ந்த மணல் கலவையில் வையுங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நுனியைச் சுற்றித் துருப் பிடித்ததுபோல் மெல்லிய பழுப்பு பரவினால் அது சிலந்திப்பேன். வறண்ட வெயில் காலத்தில்தான் அதிகம் வரும். இதை வெயில்புண் என்று நினைத்து நிழலில் வைத்தால் அது பாட்டுக்குப் பெருகும்.

ஆன்லைனில் வாங்கிய செடி பத்து நாளில் வெந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

அப்படிச் சொல்ல முடியாது. இந்தியாவில் கூரியரில் வரும் காக்டஸில் கணிசமானவை மேற்கு வங்கத்தின் காலிம்போங் மலைப்பகுதியிலிருந்து வருபவை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல், கண்ணாடிக் கூடாரத்தில், குளுகுளுவென்று வளர்ந்த செடி. அட்டைப்பெட்டிக்குள் ஒரு வாரம் இருட்டில் கிடந்துவிட்டு நேராக உங்கள் மே மாத மாடிக்கு வந்தால் என்ன ஆகும்?

முதல் வாரம் வெளிச்சமான நிழல், தண்ணீர் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. ஒரு மாதம் எடுத்துக்கொண்டு பழக்குங்கள். படிப்படியாகப் பழகிய காக்டஸ் தன் திசுக்களைச் சூட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். பழகிய பிறகு தாங்கும் சூடு, பழகாத செடி தாங்குவதைவிடப் பல டிகிரி அதிகம். முடிந்தால் வாங்குவதையே தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி அறையில் மேசைமேல் வைக்கலாமா?

24 டிகிரி என்பது காக்டஸுக்கு நல்ல வெப்பநிலைதான். பிரச்சினை வெளிச்சம். ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி வைத்தால் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்குக் கிட்டத்தட்ட இருட்டு. சூடும் ஈரமும் இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் உருண்டைக் காக்டஸ்கூடக் கூம்பாக நீளும், அந்தக் கோணல் பிறகு சரியாகாது. அலுவலக மேசையில் வைத்தே தீரவேண்டும் என்றால் இரண்டு செடி வாங்கி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சூடு குறைந்துவிடுகிறதே. அது நல்ல பருவம்தானே?

வெப்பநிலையைப் பார்த்தால் அருமை. ஆனால் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. மே மாதத்தில் செடி தழும்போடு தப்பிக்கும்; நவம்பரில் முழுதாகப் போய்விடும். 25 டிகிரியில் நாள் கணக்கில் ஈரம், வெயில் இல்லை என்றால் அழுகல் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மழை தொடங்குவதற்கு முன்பே மேலே தெளிவான பாலிகார்பனேட் தகடோ யுவி பாலிதீன் தாளோ போட்டுவிடுங்கள். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மழை ஓயும்வரை தண்ணீரே வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே போதும்.

மண் கலவையையும் இந்த மாதங்களை மனதில் வைத்தே செய்யுங்கள். பாதிக்கு மேல் கல்லும் பருமணலும், மீதிதான் செம்மண்ணும் மட்கிய உரமும். எம்-சாண்ட் என்றால் நன்றாகக் கழுவி, பொடியை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்தப் பொடி தண்ணீர் பட்டால் சிமெண்ட்போல் இறுகிவிடும்.

ஊட்டியில் இருக்கிறோம். சிவப்புத் தலை மூன் காக்டஸ் ஒவ்வொரு குளிர்காலத்திலும் போய்விடுகிறது. ஏன்?

அது ஒரு செடியல்ல, ஒட்டுப்போட்ட இரண்டு செடி. மேலே இருக்கும் சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டை, ஜிம்னோகாலிசியம் என்ற காக்டஸின் ஒரு வகை. பச்சையம் இல்லாததால் தானாக உணவு தயாரிக்க முடியாது. கீழே இருக்கும் பச்சை முக்கோணத் தண்டு பெரும்பாலும் டிராகன் ஃப்ரூட் கொடி. அது வெப்பமண்டலச் செடி, 10 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் தாங்காது. ஊட்டியில் ஜனவரி இரவு 5 டிகிரியை ஒட்டி இறங்கும், பள்ளமான இடங்களில் உறைபனியே விழும். தண்டு மஞ்சளாகிக் குழைந்ததும் மேலே இருப்பதும் போய்விடும். இரவில் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், மண்ணைக் காயவிடுங்கள்.

மற்றபடி மலையூர்க்காரர்கள் பொறாமைப்பட வைக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். ரெபூஷியா, லொபீவியா போன்ற ஆண்டிஸ் மலைக் காக்டஸ் சமவெளியில் எங்களுக்குப் புழுங்கியே சாகும். உங்களிடம் பூத்துக் குலுங்கும். குளிரில் ஒரே விதி: செடி காய்ந்திருக்க வேண்டும். தண்டில் நீர் குறைந்து சாறு கெட்டியானால் உறைவது தாமதமாகும். ஒபன்ஷியாவில் ஒரு வகை கனடாவின் பனிக்காலத்தையே இப்படிச் சுருங்கிக் கிடந்து தாண்டிவிடுகிறது.

டொராண்டோவில் அடுக்குமாடி வீடு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிறது, 22 டிகிரி. போதுமா?

அதிகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வெளிச்சம் குறைவு. 22 டிகிரியில் செடி தூங்காமல் வளரப் பார்க்கும், வெளிச்சம் இல்லாமல் வெளிறி நீளும். வீட்டிலேயே குளிரான ஜன்னல், 10 டிகிரியை ஒட்டி இருக்கும் அறை எதுவென்று பாருங்கள். ஹீட்டர் காற்று நேராகப் படக்கூடாது, ராத்திரியில் ஜன்னல் கண்ணாடியைத் தொடவும் கூடாது. தண்ணீர் அறவே வேண்டாம். செடி கொஞ்சம் சுருங்கினால் பதறாதீர்கள், மார்ச்சில் நிமிர்ந்துவிடும். குளிரான இடமே இல்லை என்றால் எல்இடி வளர்ப்பு விளக்கு வாங்குவதுதான் வழி.

என் செடி பூக்கவே மாட்டேன் என்கிறது. வெப்பநிலைதான் காரணமா?

பல வகைகளுக்கு ஆமாம். குளிர்ந்த, காய்ந்த ஓய்வு கிடைத்தால்தான் மொட்டு கட்டும். சென்னையில் நமக்குக் கிடைக்கும் ஓய்வு மார்கழி, தை மட்டும், அதுவும் இரவு 20 டிகிரி. அந்த நாட்களில் தண்ணீரை நிறுத்தி, வெயிலில் முழுக்க வையுங்கள். மாமிலேரியா என்ற சின்னக் காக்டஸின் பல வகைகள் இதற்கே மாசியில் மாலை கட்டினாற்போல் பூத்துவிடும்.

கிறிஸ்துமஸ் காக்டஸ் என்று விற்கும் ஷ்லும்பெர்கெரா வேறு கதை. தென்கிழக்கு பிரேசிலின் ஈரமான மலைக்காடுகளில், மரங்களிலும் பாறைகளிலும் ஒட்டி வளர்வது. நீண்ட இரவும் 15 முதல் 20 டிகிரியும் சேர்ந்தால் மொட்டு விடும். பெங்களூரில் எளிது, கொடைக்கானலில் இன்னும் எளிது. சென்னையில் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். அந்த ஆசைக்கு நிஷாகந்தி வளர்க்கலாம். அதுவும் காக்டஸ் குடும்பம்தான், நம் ராத்திரிச் சூட்டைப் பொருட்படுத்தாமல் வெள்ளைவெளேரென்று பூக்கும்.

விதை போட எந்த மாதம்?

25 டிகிரியை ஒட்டி முளைப்பு நன்றாக இருக்கும், 35-ஐத் தாண்டினால் பெரும்பாலும் முளைக்காது. அதனால் தை, மாசி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் நேர் வெயில் படவே கூடாது. பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும்.

சென்னைச் சூட்டுக்கு எதை வாங்கினால் நிம்மதி?

முதலில் மெலோகாக்டஸ். கரீபியன் கரைகளிலும் பிரேசிலிலும் வளர்வது, உப்புக்காற்றும் சூடான ராத்திரியும் அதற்குப் பழக்கம். 15 டிகிரிக்குக் கீழே போனால்தான் முகம் சுளிக்கும். பெசன்ட் நகர் பால்கனிக்கே செய்ததுபோல் இருக்கும். பிறகு செரியஸ், கோல்டன் பேரல், ஒபன்ஷியா, ஜிம்னோகாலிசியம் (இதற்கு மட்டும் அரை நிழல்). ஆஸ்ட்ரோஃபைட்டம் சூட்டைத் தாங்கும், மழையைத் தாங்காது. ரெபூஷியாவை நர்சரியில் பூவோடு பார்த்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

ஊரில் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுக்கள்ளிக்கும் இதே கணக்கா?

இல்லை. அவை காக்டஸ் குடும்பமே இல்லை, யூஃபோர்பியா. கிள்ளினால் பால் வரும். கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை என்பதால் தொட்டியில் வைத்தாலும் வலையெல்லாம் தேவைப்படாது. தொட்டியைத் தளத்திலிருந்து உயர்த்தி வைப்பது மட்டும் இவற்றுக்கும் பொருந்தும்.